பைல் சர்வர் பூட் ஆகவில்லையா? பார்மட் செய்யும் முன் படியுங்கள்

புதிய கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பழைய டெஸ்க்டாப்பை என்ன செய்வது என்ற கேள்வி எழும். சிலர் எடைக்குப் போடுவார்கள். சிலர் அதில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி, லினக்ஸ் சிஸ்டத்தைப் பதிந்து, வீட்டு ரவுட்டருடன் இணைத்து ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்களின் போட்டோ, வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள் எல்லாம் அதில் சேரும். போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். இதுதான் வீட்டு பைல் சர்வர். இதற்குத் தனியாக மானிட்டரோ கீ போர்டோ தேவையில்லை.

இந்த வசதியில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாள் பெட்டி எழுந்திருக்காவிட்டால், அனைவரின் பைல்களும் ஒரே நேரத்தில் காணாமல் போனது போல் தோன்றும். அந்தப் பதற்றத்தில்தான் "பார்மட் செய்துவிடலாம்" என்ற முடிவை எடுப்பார்கள். அது தேவையற்ற முடிவு. பெட்டி வேறு, பைல்கள் வேறு. பெட்டி கிளம்ப மறுப்பதால் பைல்கள் அழிந்துவிட்டன என்று பொருள் இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

பூட் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியது முதல் கம்ப்யூட்டர் வேலைக்குத் தயாராகும் வரை நடப்பதை பூட் ஆவது என்கிறோம். இது தொடர் ஓட்டம் போன்றது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கட்டை போக வேண்டும்.

1. எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை, வீட்டு மின்சாரத்தை மதர்போர்டுக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றித் தருகிறது.

2. மதர்போர்டில் உள்ள பயாஸ் (புதிய போர்டுகளில் யுஇஎப்ஐ) விழித்துக்கொண்டு ராம், கீ போர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று சோதிக்கிறது.

3. பிறகு எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்று தன் பட்டியலைப் பார்த்து, அதில் உள்ள பூட் லோடரை அழைக்கிறது. லினக்ஸில் இதன் பெயர் பெரும்பாலும் கிரப்.

4. பூட் லோடர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைக் கொண்டு வருகிறது. அது டேட்டா டிஸ்க்கை இணைத்து, சாம்பா என்னும் புரோகிராம் மூலம் போல்டர்களை மற்ற கம்ப்யூட்டர்களுக்குத் திறந்து விடுகிறது.

இதில் உங்கள் பைல்கள் எங்கே வருகின்றன? நான்காவது படியின் கடைசியில்தான். பழைய முறையில் பூட் ஆகும் டிஸ்க்கில் முதல் 512 பைட்தான் தொடக்க இடம். அதில் 446 பைட் பூட் செய்வதற்கான நிரல், 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், 2 பைட் அடையாளக் குறி. இந்த 512 பைட் கெட்டாலே கம்ப்யூட்டர் கிளம்பாது. ஆனால் மீதமுள்ள பல நூறு ஜிபி அப்படியே இருக்கும். வீட்டுச் சாவி தொலைந்தால் வீட்டுக்குள் இருக்கும் பொருள்களும் தொலைந்தன என்று சொல்வோமா?

எங்கள் வீட்டில் நடந்தது

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் உள்ள மேல்சித்தாமூர் எங்கள் ஊர். அங்கே வீட்டில் இப்படி ஒரு பைல் சர்வர் ஓடுகிறது. லினக்ஸ் ஒரு சிறிய எஸ்எஸ்டியில், பைல்கள் தனியாக ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். அப்பா சில மாதங்களாக என் தாத்தாவின் நோட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில் சேர்த்து வந்தார். நிலக் கணக்கு, கொடுக்கல் வாங்கல், உறவினர்களின் பிறந்த நாள், தாத்தா தம் கையால் எழுதி வைத்த தோத்திரங்கள் எல்லாம் அந்த நோட்டுகளில் இருந்தன. கரையான் அரித்த தாள்கள். ஒரு முறை புரட்டினால் மறுமுறை புரட்ட முடியாத நிலை. படம் எடுக்கும்போதே பல பக்கங்கள் உதிர்ந்துவிட்டன. அந்தப் பக்கங்களுக்கு இனி படம் மட்டும்தான் ஆதாரம்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா சென்னையில் இருந்த என்னை அழைத்தார். "பேன் ஓடுதுப்பா, லைட்டும் எரியுது. ஆனா போன்ல நோட்டுப் படம் ஒண்ணும் வரல" என்றார். பக்கத்தில் ஒரு கடையில் கேட்டிருக்கிறார். "ஹார்ட் டிஸ்க் போயிருக்கும், கொண்டு வாங்க, பார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தரோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். "எங்கேயும் கொண்டு போகாதீங்கப்பா, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொன்னேன்.

மறுநாள் முதலில் செய்த வேலை, டிவியை மானிட்டராக இணைத்ததுதான். திரையில் இருந்த செய்தி இது: சீமாஸ் செக்சம் எரர், டீபால்ட்ஸ் லோடட், தொடர எப்1 அழுத்தவும். அதாவது பெட்டி கெடவில்லை. எப்1 கீயை யாராவது அழுத்துவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீ போர்டே இணைக்கப்படவில்லை!

காரணம் என்ன? மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்ற வகை, 3 வோல்ட். பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் மின்சாரம் இல்லாத நேரத்தில் காப்பது இதுதான். கம்ப்யூட்டர் ஆப் ஆகியிருந்தாலும் சுவர் ஸ்விட்ச் ஆனில் இருந்தால், இந்தக் கடிகாரத்துக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மின்சாரம் போகும், பேட்டரி செலவாகாது. எங்கள் வீட்டில் தினமும் இரவு சுவர் ஸ்விட்ச்சை அணைத்துவிடுவார்கள். பழைய போர்டு, பழைய பேட்டரி. அது தீர்ந்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்துவிட்டது.

எப்1 அழுத்திய பிறகு இரண்டாவது தடை வந்தது. பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று செய்தி. பேட்டரி தீர்ந்ததில் பூட் வரிசையும் மாறி, லினக்ஸ் இல்லாத டேட்டா டிஸ்க் முதலிடத்துக்கு வந்திருந்தது. கடைக்காரர் இந்தச் செய்தியை மட்டும் பார்த்திருந்தால் டிஸ்க் போய்விட்டது என்றே சொல்லியிருப்பார்.

முதலில் காப்பி, பிறகு ரிப்பேர்

காரணம் தெரிந்துவிட்டாலும் உடனே சரி செய்யத் தொடங்கக் கூடாது. பைல்களை வெளியே எடுத்த பிறகுதான் மற்ற வேலை. இதை நீங்களும் செய்யலாம்.

1. வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு அல்லது லினக்ஸ் மிண்ட்டை டவுன்லோட் செய்து, பென் டிரைவில் பூட் ஆகும்படி எழுதிக்கொள்ளவும். 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவ் வேண்டும். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றை எடுக்கவும்.

2. சர்வரில் பென் டிரைவைச் செருகி ஆன் செய்து, பூட் மெனுவுக்கான கீயை அழுத்தவும். பல போர்டுகளில் எப்12, சிலவற்றில் எப்11 அல்லது எப்8. பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கவும்.

3. இன்ஸ்டால் செய்யாமல் சோதித்துப் பார்க்கும் வழியை மட்டும் தேர்ந்தெடுக்கவும். இப்போது லினக்ஸ் பென் டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது.

4. டிஸ்க்ஸ் என்னும் புரோகிராமைத் திறந்து டேட்டா டிஸ்க்கைத் தேர்வு செய்து, ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்கவும். ரீஅலோகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் ஆகியவற்றின் எண்ணிக்கை பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. எண் ஏறிக்கொண்டே போனாலோ, டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, அது உடல்நலம் குன்றிய டிஸ்க். மீண்டும் மீண்டும் ஆன் செய்து சோதிக்க வேண்டாம். உயிர் போன்ற பைல்கள் என்றால் டேட்டா மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதே சரி.

5. டிஸ்க் நன்றாக இருந்தால் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்து, முக்கியமான போல்டர்களை முதலிலும் சினிமா, பாட்டுகளைக் கடைசியிலும் காப்பி செய்யவும். எங்கள் வீட்டில் சுமார் 120 ஜிபி. பழைய போர்டில் யுஎஸ்பி 2.0 மட்டுமே என்பதால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நோட்டுப் படங்கள் அனைத்தும் திறந்தன.

அதன் பிறகு மின் இணைப்பைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்து, எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்குமாறு புதியதைப் பொருத்தினேன். பயாஸில் (டெலிட் அல்லது எப்2 கீ) தேதி, நேரம், பூட் வரிசை மூன்றையும் சரி செய்தேன். சர்வர் வைத்திருப்பவர்கள் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஹால்ட் ஆன் என்ற இடத்தில், கீ போர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் போகும்படி அமைக்கவும். மின்சாரம் போய் வந்தால் தானே ஆன் ஆகும் அமைப்பையும் தேர்ந்தெடுக்கவும். மொத்தச் செலவு ஒரு பேட்டரி.

உங்கள் பெட்டி எங்கே நிற்கிறது?

எல்லா வீட்டிலும் பேட்டரிதான் காரணமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டம் எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கவும். பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடவும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒருபோதும் பிரிக்க வேண்டாம். உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

விளக்கும் இல்லை, பேனும் இல்லை: பிளக், யுபிஎஸ், பெட்டியின் பின்புற ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்கவும். எல்லாம் சரி என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பேன் ஓடுகிறது, திரை கறுப்பு, பீப் சத்தம்: பெரும்பாலும் ராம். கழற்றி, அதன் தங்க நிறப் பகுதியை மென்மையான ரப்பரால் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தவும்.

பூட் டிஸ்க் இல்லை என்ற செய்தி: பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்கவும். தெரிந்தால் பூட் வரிசையை மாற்றவும். தெரியாவிட்டால் சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றிச் செருகவும்.

கிரப் ரெஸ்கியூ என்று வருகிறது: பூட் லோடருக்குத் தன் பைல்கள் கிடைக்கவில்லை. பைல்களைக் காப்பி செய்த பிறகு கிரப்பை மட்டும் மறுபடி பதியலாம்.

ஒன்றரை நிமிடம் காத்திருந்து எமர்ஜென்சி மோட் வருகிறது: லினக்ஸ் நன்றாக இருக்கிறது, டேட்டா டிஸ்க்தான் பதில் சொல்லவில்லை. கேபிளைப் பார்க்கவும். எப்எஸ்டேப் என்னும் பைலில் அந்த டிஸ்க்குக்கு உரிய வரியில் நோபெயில் என்பதைச் சேர்த்துவிட்டால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் கிளம்பும்.

இந்தப் பட்டனை மட்டும் அழுத்த வேண்டாம்

சர்வர் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பவர்கள் பலர். லினக்ஸின் பைல் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது. எனவே, இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த பார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. விண்டோஸுக்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான். கேன்சல் கொடுத்துவிடவும். டிஸ்க் மேனேஜ்மெண்ட்டில் இனிஷியலைஸ் என்று கேட்டாலும் அதே பதில்தான்.

இன்னொரு பிரதி

எங்கள் ஊர் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊர். ஓலைச் சுவடியைப் படியெடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பதைச் சாஸ்திர தானம் என்று சமணர்கள் போற்றினார்கள். ஓலை நெடுங்காலம் நிலைக்காது, பிரதிதான் நிலைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட முடிந்ததும் பல வீடுகளில் பல பிரதிகள் இருந்ததால்தான்.

ஹார்ட் டிஸ்க்கின் ஆயுள் ஓலையை விடவும் குறைவு. அதனால் 3-2-1 என்ற விதியைப் பின்பற்றவும். மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். இரண்டு டிஸ்க்கை ரெய்டு முறையில் இணைத்திருப்பது பேக்கப் ஆகாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும்.

மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுக்கவும். எடுத்ததில் பத்து பைல்களைத் திறந்தும் பார்க்கவும். அந்தப் பழக்கம் வந்துவிட்டால், சர்வர் பூட் ஆகாத நாளில் உங்களுக்குக் கவலை பெட்டியைப் பற்றி மட்டும்தான் இருக்கும்.