வேலாயி மறுபடி வரலாமா?

அன்புள்ள மருமகளே,

உன் கேள்விக்கே வந்துவிடுகிறேன். தாராவித் தோழர்களோடு ஆளுக்கொரு பாத்திரமாக நீங்கள் வாட்ஸ்ஆப்பில் எழுதிவந்த கதை முடிந்துவிட்டது. அடுத்து கும்பார்வாடா குயவர் தெருவில் ஒரு கதை தொடங்கப் போகிறீர்கள். அதிலும் பழைய பரிசல்காரி வேலாயியாகவே வரலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக வா. ‘சரக்கு தீர்ந்துபோச்சா’ என்று கிண்டல் செய்த பையனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே.

கிரேஸி மோகன் நாடகங்களை யூடியூபில் பார்த்துச் சிரிக்கிறாயே, நாடகத்துக்கு நாடகம் அதே மாது, அதே ஜானகி. சிக்கல்தான் ஒவ்வொரு முறையும் புதிது. ‘சாக்லேட் கிருஷ்ணா’வில் கிருஷ்ணரே மாதுவைத் தேடி வந்துவிடுகிறார். முந்தைய நாடகத்தில் மாதுவுக்கு என்ன நடந்தது என்று அரங்கில் யாரும் கேட்பதில்லை. அவன் வெகுளித்தனம் போதும்.

எனக்கு உறுத்துவது, நீ அனுப்பிய இரண்டு பக்க முன்கதைதான். வேலாயி தம்பியைப் பறிகொடுத்தது, ராஜா கொடுத்த மோதிரம், சுழலை அடக்கும் மந்திரம் எல்லாம் அதில் இருக்கின்றன. உனக்கு அவை உயிர். புதிதாகச் சேர்ந்த மாட்டுங்காப் பெண்ணுக்கு? காலை ஒன்பது மணி ஹார்பர் வண்டியில் டிரங்குப் பெட்டியோடு ஏறுகிறவரைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பாள்.

நம் தெருக்கூத்தை யோசித்துப் பார். துரியோதனனை அறியாதவர் அந்தக் கூட்டத்தில் உண்டா? ஆனாலும் அவன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, கட்டியங்காரன் கேட்க, தான் இன்னார் என்று சொல்லித்தான் சபைக்கு வர வேண்டும். துரியோதனனுக்கே அந்தக் கட்டாயம் இருக்கும்போது, உங்கள் நாலைந்து பேரைத் தாண்டி யாருக்கும் தெரியாத வேலாயி எம்மாத்திரம்? நாலு வரியில் அறிமுகம் முடியட்டும். மற்றதை யாராவது கேட்டால் சொல். கேட்காவிட்டால் உனக்குள்ளேயே இருக்கட்டும். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அவள் பேச்சு நின்றுபோகிறது என்று எழுது. தம்பியைப் பற்றி எதிரில் இருப்பவரே கேட்பார்.

கடந்த காலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் பழைய அகலிகையைத்தான் எடுத்துக்கொண்டார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிறாள். அவள் பட்டது நமக்குத் தெரியாவிட்டால் அந்த முடிவு உறைக்காது. பழைய காயம் புதிய சம்பவத்தில் போய் முட்ட வேண்டும். முட்டாத காயத்தைச் சுமந்துகொண்டு வராதே. மோதிரமும் மந்திரமும் எதிலும் முட்டவில்லை. வேலாயி வந்து நின்றதுமே மற்றவர்கள் அவளுக்குக் கீழே போய்விடுவார்கள், அவ்வளவுதான் அவற்றால் ஆகும். விட்டுவிடு.

இன்னொன்று, உனக்குக் கசக்கும். சுஜாதாவின் கணேஷ் 1968இல் ‘நைலான் கயிறு’ தொடரில் வந்தபோது தனி ஆள். பிறகு வசந்த் வந்து சேர்ந்தான். அவன் குறும்புக்குப் பக்கத்தில்தான் நமக்குத் தெரிந்த அந்த நிதானமான கணேஷ் துலங்கினார். அங்கே எழுதியது ஒரே கை. உங்கள் கதையிலோ ஐந்தாறு கைகள். மாட்டுங்காப் பெண்ணின் பாத்திரம் வேலாயியை ஏமாற்றலாம், சிரிக்க வைக்கலாம், நீ நினைக்காத பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம். அப்போது ‘என் வேலாயி அப்படிச் செய்யமாட்டாள்’ என்று மறிக்காதே. அவள் வாயில் வரும் சொல் மட்டும் உன்னுடையதாக இருந்தால் போதும். அவளை யாரும் தொடக்கூடாது என்று தோன்றினால், தனியாக ஒரு சிறுகதை எழுது. அது கௌரவமான வேலைதான், நானே முதலில் படிப்பேன்.

பழைய கூட்டாளிகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. வேலாயியின் தம்பியை எழுதியது அந்த தாராவிப் பையன் அல்லவா? அவனுக்கும் அதில் பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கதை தொடங்குவதற்குள் அவனிடம் பேசிவிட்டு, அந்த இரண்டு பக்கத்தை நாலு வரியாக்கி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா
மாட்டுங்கா