வீட்டுக் கணினியும் வெள்ளநீரும்

நுழையும்முன்

மேசைமேல் இருக்கும் கணினியின் விலை கடைக்காரர் தரும் சீட்டில் இருக்கிறது. அதனுள் சேர்ந்துகிடக்கும் குடும்ப ஒளிப்படங்களுக்கும் பாடக்குறிப்புகளுக்கும் வரவுசெலவுக் கணக்குகளுக்கும் விலைச்சீட்டு இல்லை. தாம்பரத்தையும் அதைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் களமாகக் கொண்டு, வீட்டுக் கணினி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதையும் பேணுவதையும் இப்பாடம் ஆராய்கிறது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் காலை முடிய, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். ஏரிகளின் உபரிநீரைச் சுமந்துவரும் அடையாறு கரை கடந்து, வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மாடி உடையோர் மேலே ஏறினர். மற்றோர் படகுக்குக் காத்திருந்தனர். கணினியைப் பற்றி எண்ண அப்போது எவருக்கும் நேரமில்லை. நீர் வடிந்த பின்னரே, சேறு படிந்த மெத்தைகளோடும் குளிர்பதனப் பெட்டிகளோடும் கணினிகளும் தெருவுக்கு வந்தன.

சான்றிதழ்களை இழந்தோர்க்கு மாற்றுப்படி வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. பள்ளிச் சான்றிதழுக்கும் நிலப்பத்திரத்துக்கும் அலுவலகங்களில் பதிவேடு இருந்தது. ஆகவே இரண்டாம் படி கிடைத்தது. வீட்டு வன்தட்டு ஒன்றில் மட்டுமே இருந்த திருமண ஒளிப்படத்துக்குப் பதிவேடு ஏது? கருவியை மீண்டும் வாங்கலாம். உள்ளிருந்ததை வாங்க இயலாது. கணினியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

வீட்டை அறிதல்

கணினி வாங்கப் புறப்படுவோர் முதலில் கேட்பது, ‘எந்த நிறுவனத்தின் கணினி நல்லது?’ என்பதே. அதற்கு முன்னரே கேட்க வேண்டிய வினா, ‘அது நிற்கப்போகும் வீடு எத்தகையது?’ என்பதாகும். நீலாங்கரையிலும் ஈஞ்சம்பாக்கத்திலும் கடற்காற்றின் உப்பும் ஈரமும் இணைப்பிகளின் உலோகத்தை அரிக்கும். பெருங்களத்தூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் புழுதி விசிறியின் இதழ்களில் திரளும். முடிச்சூரின் தரைத்தள வீட்டில், மேசைக்கணினியின் பெட்டியைத் தரையில் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது மின்சாரம். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்னழுத்தம். கணினியின் உலோகப் பெட்டியையோ, மின்னேற்றியில் செருகிய மடிக்கணினியின் உலோக உடலையோ தொடும்போது விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு தோன்றினால், அவ்வீட்டில் நிலத்தொடர்பு சரியில்லை என ஐயுறலாம். மூன்று முனைச் செருகியின் தடித்த முனை நிலத்தொடர்புக்கானது. சுவரிலுள்ள துளைக்குப் பொருந்தவில்லை என்று அம்முனையை வெட்டிவிடுவதும், இருமுனை மாற்றியில் செருகுவதும் பல வீடுகளில் காணும் வழக்கம். அது கருவிக்கு மட்டுமன்று, தொடுபவர் உயிருக்கும் கேடு. புதுக் கணினிக்குப் பல்லாயிரம் செலவிடும் குடும்பம், முதலில் மின்பணியாளர் ஒருவரை அழைத்து நிலத்தொடர்பை அளந்து பார்க்கச் சொல்வது அறிவுடைமை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது புறநகர்களில் மின்சாரம் நாள்கணக்கில் நின்றுபோனது. அத்தகைய வேளைக்கு எந்தத் தடையில்லா மின்வழங்கியும் ஈடுகொடுக்காது. யு.பி.எஸ். என நாம் வழங்கும் அக்கருவி, மேசைக்கணினியைச் சில நிமிடங்கள் தாங்கும். செய்துகொண்டிருந்த வேலையைச் சேமித்து முறையாக நிறுத்துவதற்கான அவகாசமே அது. திரைப்படத்தை முடிக்கும்வரை ஓட்டலாம் எனக் கருதி வாங்குவோர் ஏமாறுவர். அதன் மின்கலமும் இரண்டு மூன்று ஆண்டுகளில் தளர்ந்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் அலை தருவதா, சதுர அலை தருவதா எனப் பார்க்க வேண்டும். மின்விசிறிக்குப் போதுமான சதுர அலை, கணினியின் மின்வழங்கிகள் சிலவற்றுக்கு ஒவ்வாது.

எது நமக்கு ஏற்றது?

மடிக்கணினியா, மேசைக்கணினியா என்பது பழைய வழக்கு. மடிக்கணினி தன் மின்கலத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் மின்தடையை உணராமல் இயங்கும். மழைக்காலத்தில் பையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறலாம். மேசைக்கணினியோ பழுதுபட்ட உறுப்பை மட்டும் மாற்ற இடம்தரும். பெரிய திரை கண்ணுக்கு இதம். அதே விலைக்குக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். மாணவர் ஒருவர், அலுவலகம் செல்வோர் ஒருவர், ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் என மூவர் பகிரும் வீட்டில் மேசைக்கணினியே நெடுநாள் உழைக்கும். ஆனால் வெள்ளம் புகக்கூடிய தரைத்தள வீட்டுக்கு மடிக்கணினியையே பரிந்துரைப்பேன்.

பயன்பாட்டுக்கு மீறிய ஆற்றலை வாங்குவது, இருவர் உண்ணும் வீட்டில் கல்யாண அண்டா வாங்குவது போன்றது. தட்டச்சு, இணையம், காணொலி வகுப்பு, கணக்குத்தாள், எளிய நிரலாக்கம் ஆகியவற்றுக்கு நடுத்தரச் செயலியும் 8 ஜி.பி. நினைவகமும் போதும். சிக்கனம் கூடாத இடம் ஒன்று உண்டு: அது சேமிப்பகம். பழைய வன்தட்டில் உலோகத் தட்டுகள் சுழல, அவற்றின்மேல் தலைமுனை ஒன்று மீட்டரின் நூறு கோடியில் சில பங்கு இடைவெளியில் மிதந்து செல்கிறது. ஒரு தலைமயிரின் தடிமன் அவ்விடைவெளியைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிது. ஓடும்போது அதிர்ந்தால் தட்டில் கீறல் விழும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. ஆகவே அது விரைவானது, அதிர்ச்சியைத் தாங்குவது. ஆயினும் வன்தட்டு பல வேளைகளில் முனகி எச்சரித்துவிட்டுச் சாகும், எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் சாகும்.

2011ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே முதன்முதலாகக் கணினியைக் கண்ட வீடுகள் பல. அவற்றில் சில கணினிகள் இன்றும் பரணில் கிடக்கின்றன. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளமும் நிறுவப்பட்டிருந்தது. அதை உருவாக்கியது சீ-டாக் சென்னைப் பிரிவு. அம்முயற்சிக்குப் பின்புலமாக நின்ற கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையமும் பங்கேற்றது. தாம்பரத்தின் அண்டை ஊருக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதி பழைய கணினிகள் பலவற்றுக்கு இல்லை. அவற்றை எறிந்துவிட வேண்டியதில்லை. வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, இடமிருந்தால் நினைவகத்தைக் கூட்டி, லினக்ஸ் வகை ஒன்றை நிறுவினால், உலாவியும் தட்டச்சும் வேண்டும் மாணவர்க்கு இன்னும் சில ஆண்டுகள் அது துணைநிற்கும்.

வாங்குமிடம்

1931 முதல் ஓடிக்கொண்டிருக்கும் தாம்பரம் – கடற்கரை மின்தொடர்வண்டியில் ஏறினால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை எளிதில் அடையலாம். முன்னர் வானொலி உதிரிப்பொருள்களுக்குப் பெயர்பெற்ற அத்தெரு, பின்னர்க் கணினிச் சந்தையாக வளர்ந்தது. அங்கே பேரம் பேசலாம். உறுப்புகளைத் தனித்தனியே தெரிந்தெடுத்துச் சேர்க்கலாம். ஆனால் விலை குறைகிறது என்று பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்குவது, பிற்காலத்தில் பழுதைச் சரிசெய்யக் கேட்கும் உரிமையையே விட்டுக்கொடுப்பதாகும். சீட்டில் கருவியின் வரிசை எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். குறையுள்ள பொருளுக்குத் தீர்வு கிடைக்காதபோது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக அச்சீட்டே சான்று.

நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு விற்கும் மடிக்கணினிகள் இரண்டாங்கைச் சந்தைக்கு வருகின்றன. அவை பொதுவாக உறுதியான கட்டமைப்பு உடையவை. மாணவர்க்கு ஏற்ற தேர்வு. மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது, திரையின் கீல் தளர்ந்துள்ளதா, சேமிப்பகம் எத்தனை மணி நேரம் ஓடியுள்ளது, பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டுள்ளதா ஆகியவற்றைக் கடையிலேயே இயக்கிப் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை மறந்தோர், வீட்டுக்கு வந்தபின் திறக்கவே முடியாத கணினியோடு நிற்பர்.

பேணுதல்

கணினிக்கு முதற்பகை வெப்பம். சித்திரை, வைகாசியில் அறையே தகிக்கும்போது, மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து இயக்கினால் அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடும். செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘கணினி மெதுவாக ஓடுகிறது’ என்னும் முறையீடுகள் பலவற்றுக்கு நச்சுநிரல் அன்று, தூசியே காரணம். ஆண்டுக்கு இரண்டு முறையேனும், மின்னிணைப்பை நீக்கிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் தூசியை அகற்றலாம். நம் ஊர் வீடுகளில் எறும்பும் பல்லியும்கூடக் கணினிக்குள் குடிபுகும். வெதுவெதுப்பான மின்வழங்கிக்குள் புகுந்த பல்லி தன்னோடு தாய்ப்பலகையையும் எரித்துவிடக் கூடும். பின்புறத்தில் திறந்துகிடக்கும் துளைகளைத் தகட்டால் மூடுவதும், கணினி மேசையில் தின்பண்டத்தைத் தவிர்ப்பதும் இதற்கு எளிய மருந்து.

மடிக்கணினியின் லித்தியம் மின்கலத்தை எப்போதும் முழுமையாக நிரப்பி வைப்பதும், அடியோடு தீரவிடுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். தொடுபலகை மேலெழும்பித் தெரிந்தால் மின்கலம் உப்பியிருக்கலாம். அதன்பின் மின்னேற்றவோ அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே மாற்ற வேண்டும். இடிமின்னலின்போது மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவைத்தல் நன்று. மின்னெழுச்சி அவ்வழியேயும் நுழையும்.

உள்ளிருப்பதைக் காத்தல்

முதன்மைக் கோப்புகளுக்கு மூன்று படிகள் வேண்டும். அவை இருவேறு வகைச் சேமிப்பகங்களில் இருக்க வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கணினித் துறையினர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் நெறி இது. இதன் மூன்றாம் பகுதியின் பொருளை முடிச்சூர் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. கணினியில் ஒரு படியும் அதே அலமாரியில் புற வன்தட்டில் மற்றொரு படியும் வைத்திருந்த வீட்டில் இரண்டும் ஒரே நீரில் மூழ்கும். வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு வன்தட்டு, அல்லது இணைய மேகச் சேமிப்பு, இவற்றுள் ஒன்றேனும் வேண்டும். பதிவேடுகளுக்கு இந்திய அரசின் டிஜிலாக்கர் 2015 முதல் இருக்கிறது. மதிப்பெண் சான்றிதழ்களை அதில் பெறலாம். எடுத்த காப்புநகலை ஒருமுறையேனும் வேறு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புநகலை நம்பிப் பயனில்லை.

நீர் புகும் அறிகுறி தெரிந்தால் முதலில் வீட்டின் முதன்மை மின்விசையை நிறுத்த வேண்டும். நீர் ஏற்கெனவே தரையில் நின்றால் விசையை நெருங்கவே கூடாது. மூழ்கிய கணினியை ‘ஓடுகிறதா, பார்ப்போம்’ என்று இயக்குவதே அதன் எஞ்சிய உயிரைப் போக்கும் செயல். சேற்றுநீர் மின்சுற்றுகளைக் குறுக்கிணைக்கும். நீர் புகுந்த வன்தட்டில் விலைமதிப்பற்ற தரவு இருந்தால், அதை வெயிலில் உலர்த்தவும் கூடாது. உலரும்போது சேறு தட்டுகளின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துடனேயே காற்றுப்புகா உறையில் இட்டு, தரவு மீட்பு வல்லுநரிடம் சேர்க்க வேண்டும். கட்டணம் மிகுதி, மீளும் என்னும் உறுதியும் இல்லை. காப்புநகலுக்கு ஆகும் செலவு அதன் அருகில் சிறுதொகை.

பயன் முடிந்த கணினியைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது எளிது. ஆனால் அதிலுள்ள ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள், கம்பிக்காக எரிக்கப்படும் நெகிழியின் புகையோடும் சாம்பலோடும் மண்ணிலும் நீரிலும் கலக்கும். பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியிலேயே அமைந்தது. அச்சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டது. மழைநீரை உறிஞ்சித் தென்சென்னையின் வெள்ளத்தைத் தணிப்பதும் அதுவே. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவின் மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தி நிறுவனங்கள்மீது வைக்கின்றன. கணினியைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கும் முன், சேமிப்பகத்திலுள்ள தரவை முற்றிலும் அழித்துவிட வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணினி ஒன்றின் முதன்மைக் கோப்புகள் எத்தனை படிகளாக, எங்கெங்கே உள்ளன எனக் கேட்டறிந்து எழுதுக. உங்கள் தெருவில் வெள்ளநீர் இதுவரை எட்டிய உயரத்தைப் பெரியோரிடம் வினவி, அக்கணினி அவ்வுயரத்துக்கு மேலே உள்ளதா எனக் கண்டறிந்து வகுப்பில் கலந்துரையாடுக.