பழவேற்காட்டு வீடுகளில் கிரீன் டீ போடும் முறை

கசக்கிறது என்று கிரீன் டீயை ஒரே வாயோடு ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். பழவேற்காட்டுக் கரையில் அந்தக் கசப்புக்கு இலையைக் குறை சொல்வது நியாயமில்லை. தண்ணீரையும் கொதியையும் கவனித்தால் போதும்.

முதலில் தண்ணீர். பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கிறது. பால் டீயில் பாலும் சர்க்கரையும் அதை மூடிவிடும். கிரீன் டீயில் மறைக்க ஒன்றுமில்லை. உப்பும் சுண்ணாம்பும் ஏறிய நீரில் டீ மங்கிப் பழுப்பாகும், மேலே படலம் மிதக்கும், மணம் எழாது. கொதிக்க வைத்தால் உப்பு போய்விடும் என்று நம்பாதீர்கள். நீர் வற்ற வற்ற உப்பு கூடத்தான் செய்யும். கேன் தண்ணீர் எடுங்கள். சுத்தமாகப் பிடித்து வைத்த மழைநீரும் நன்றாக வரும்.

அடுத்து இலை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தயாராகும் நீலகிரி உதிரி இலையே நமக்குத் தாராளம். ஐம்பது, நூறு கிராமாக வாங்குங்கள். தேயிலை பக்கத்திலுள்ள வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். கருவாடு இருக்கும் வீட்டில் இதை மறக்கக்கூடாது. கடற்காற்றின் ஈரமும் ஆகாது. இறுக மூடும் டப்பாவில், கருவாட்டுக்கும் மசாலாவுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். மீன் குழம்பு வைத்த பாத்திரத்தில் வெந்நீர் போட வேண்டாம்.

200 மில்லி டம்ளருக்கு இரண்டு கிராம். இறுகச் சுருண்ட இலையானால் ஒரு டீஸ்பூன், உப்பலாக விரிந்ததானால் இரண்டு.

இனி சூடு. சீனாவில் வெந்நீரின் பக்குவத்தைக் குமிழி பார்த்துச் சொல்லும் பழைய வழக்கம் உண்டு: இறால் கண், நண்டுக் கண், மீன் கண். இந்தக் கரையில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை! அடியில் பொடிப்பொடியாக இறால் கண் தெரியும்போது ஏறத்தாழ 70 முதல் 75 டிகிரி. குமிழி சற்றுப் பெருத்து ஆவி எழும்போது நண்டுக் கண், 80 டிகிரிக்கு அருகில். அங்கே அடுப்பை அணைத்துவிடுங்கள். மீன் கண் வந்துவிட்டால் சூடு அதிகம். மழைநீரை மட்டும் முழுக்கக் கொதிக்கவிட்டு இறக்கி, ஐந்தாறு நிமிடம் மூடாமல் ஆறவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கவனம்? பறித்த இலையைச் சீக்கிரமே ஆவியிலோ வாணலியிலோ சூடுகாட்டி, கறுக்கவிடாமல் நிறுத்துவதுதான் கிரீன் டீ. கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டகின் என்னும் பொருள்கள் அதில் நிறையத் தங்கிவிடுகின்றன. கொதிநீர் பட்டால் அவை வேகமாக இறங்கிவிடும். டீக்கடையில் தூளைப் போட்டுக் கொதிக்கவிடும் கைப்பழக்கம் இங்கே செல்லாது.

இலைமேல் நீரை ஊற்றி, மூடி, இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு சொட்டு விடாமல் வடித்துவிட வேண்டும். இலையைப் பிழிய வேண்டாம். அதே இலையில் மறுபடி ஊற்றி மூன்று நிமிடம் வைத்தால் இரண்டாம் டம்ளர். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பால் சேர்க்காதீர்கள், வேண்டுமானால் கடைசியில் இரண்டு சொட்டு எலுமிச்சை.

17ஆம் நூற்றாண்டில் இங்கே கெல்டிரியா கோட்டையில் இருந்த டச்சுக் கம்பெனி, ஐரோப்பாவுக்குத் தேயிலையைக் கப்பலேற்றிய முன்னோடிகளில் ஒன்று. அந்தக் கம்பெனி வழியாகத் தேயிலைக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு.

கிரீன் டீயில் காஃபின் உண்டு. இரவு வலைக்குப் போகிறவர்களுக்கு உதவும். கரையேறித் தூங்கப் போகிறவர்கள் தவிர்க்கலாம். சாப்பாட்டோடு குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.