கரைவலை இழுத்தவருக்குப் பூச்சியம் நிமிடமா?

கட்டாரிலிருந்தும் டுபாயிலிருந்தும் விடுமுறையில் வருகிறவர்களின் பயணப்பையில் இப்போது சொக்லேட்டோடு ஸ்மார்ட் வாட்ச்சும் வருகிறது. கற்பிட்டி தொடக்கம் சிலாபம் வரை கருவாடு காயப்போடும் வாடியிலும் உப்பளத்து வரம்பிலும் மணிக்கட்டுகளில் அதைக் காணலாம். வாட்ச் வந்த கையோடு அதைப் பற்றிய கதைகளும் வந்து சேர்ந்துவிட்டன.

நம்பிக்கை: உடம்பு உழைத்த நேரம் முழுவதையும் வாட்ச் எண்ணிவிடும்.

எண்ணாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியை 1 மெட் என்று வைத்துக்கொள்கிறார்கள். 3 மெட்டைத் தொட்டால் மிதமான உழைப்பு, 6ஐத் தொட்டால் கடுமையான உழைப்பு. விறுவிறு என்று நடந்தால் 3ஐத் தாண்டிவிடலாம். அந்த எல்லைக்குக் கீழே நாள் முழுக்க அசைந்தாலும் வாட்ச் கணக்கில் ஒரு நிமிடமும் ஏறாது.

எல்லையைத் தாண்டியதை வாட்ச் எப்படி அறிகிறது? அதனிடம் முக்கியமாக இருப்பவை இரண்டு சாட்சிகள். ஒன்று, கை மூன்று திசைகளில் ஆடுவதை உணரும் முடுக்கமானி. மற்றது, அடிப்பக்கத்தில் மின்னும் பச்சை வெளிச்சம். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் மாறும். அதை வைத்து நாடித்துடிப்பைக் கணிக்கிறார்கள். ஆக, திரையில் தெரியும் நிமிடம் ஓர் ஊகம்தான்.

இந்த ஊகம் எங்கே சறுக்கும் என்று பார்க்க உடப்புக் கரைக்குப் போனால் போதும். கரைவலை இழுக்கிறவர் இரண்டு கையாலும் கயிற்றை இறுகப் பிடித்திருக்கிறார். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, அடி அடியாகப் பின்வாங்குகிறார். பாரம் முழுவதும் தொடையிலும் முதுகிலும். மணிக்கட்டோ கயிற்றோடு ஒட்டி, அசையாமல் நிற்கிறது. முடுக்கமானிக்கு இது ஏறக்குறைய ஓய்வு. பச்சை ஒளிக்கும் சிரமம்தான்: கையை இறுக்கிப் பிடிக்கும்போது தசைநார்கள் புடைக்கின்றன, இரத்த ஓட்டம் குழம்புகிறது, வாட்ச் தோலைவிட்டுச் சற்று விலகுகிறது. வலையின் மடி கரைக்கு வந்து சேரும்போது வியர்வையில் குளித்தவரின் திரையில் சில நிமிடங்களே இருந்தால் வியப்பதற்கில்லை.

இதோடு மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு சக்தி வேண்டும் என்று 1998இல் வெளியான ஒரு பெல்ஜிய ஆய்வு அளந்து சொன்னது. காலடியில் இருப்பது மணலா தார் ரோட்டா என்பது கையில் கட்டிய கருவிக்குத் தெரியாது.

வாட்ச் இல்லாமலே உழைப்பை அளக்க வைத்தியர்கள் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு: பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கி அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுத்த ஊரில் இந்தச் சோதனை எடுபடுமா என்பது வேறு விஷயம்!

நம்பிக்கை: வாட்ச் நிமிடம் காட்டினால் உழைப்பு நடந்தது உறுதி.

நண்பகல் வெயிலில் உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் இரத்தம் ஓடவேண்டும். இதயம் வேகமாகத் துடிக்கும். 220இலிருந்து வயதைக் கழித்து வருவதை உச்சத் துடிப்பு என்றும், அதில் 64 சதவீதத்திலிருந்து மிதமான உழைப்பு என்றும் ஒரு பொதுக் கணக்கு இருக்கிறது. 50 வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்கு 109 துடிப்பு. பாலாவி வெயிலில் மெதுவாக நடந்தாலே அதைத் தொட்டுவிடலாம். வாட்ச் பாராட்டும்; உடம்போ தண்ணீர் கேட்கும்.

நம்பிக்கை: உன் வாட்ச்சில் 40, என்னுடையதில் 20. உன்னுடையது பொய்.

இரண்டும் உண்மையாக இருக்கலாம். புத்தளத்தில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து 20 நிமிடம் மூச்சிரைக்க உதைபந்து விளையாடுகிறார்கள். ஃபிட்பிட்டும் கார்மினும் கடுமையான நிமிடத்தை இரண்டாகக் கணக்கிடும். ஆப்பிள் வாட்ச் ஒன்றை ஒன்றாகவே எண்ணும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்புக்கு 75 நிமிடக் கடுமையான உழைப்பு சமம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குத்தான் அந்த இரட்டிப்புக்கு அடிப்படை. நேற்றைய உங்களோடு இன்றைய உங்களை ஒப்பிடலாம். மச்சானின் வாட்ச்சோடு போட்டி வேண்டாம்.

நம்பிக்கை: தொடர்ந்து 10 நிமிடம் செய்யாவிட்டால் கணக்கில்லை.

பழைய கதை. உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டலில் அப்படி இருந்தது, சில வாட்ச்களும் பின்பற்றின. 2020இல் அதை நீக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு நிமிட விரைவு நடையும் சேரும்.

வாட்ச் காட்டும் கலோரிக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது ஆறு நாடித்துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் ஆகச் சரியானதே 27 சதவீதம் பிழைத்தது. ஆக மோசமானது 93 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்து இன்னொரு பராட்டாவுக்கு அனுமதி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை: நிமிடம் ஏறவில்லை என்றால் இன்னும் வேகமாக நடக்கவேண்டும்.

இதுதான் ஆபத்தானது. பிரஷருக்கும் இதய நோய்க்கும் கொடுக்கப்படும் அட்டெனோலோல், பைசோப்ரோலோல் போன்ற குளிசைகள் இதயத்துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை. அவற்றைப் போடுகிறவர் எவ்வளவு நடந்தாலும் துடிப்பு எல்லையைத் தொடாமல் போகலாம். நாடியை நம்பும் வாட்ச் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளும். அந்த எண்ணைத் துரத்தி ஓடாதீர்கள், அதற்காகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு வாட்ச்சையும் காட்டி, உங்களுக்கு எவ்வளவு துடிப்பு வரை போகலாம் என்று டாக்டரிடமே கேளுங்கள்.