வேலை நடக்கும் வீட்டில் குடியிருக்கிறீர்களா?

பழைய வீட்டை வாங்கி, பால் காய்ச்சிய கையோடு, மராமத்து முடியும் முன்பே குடிபோகிறவர்கள் பலர். வாடகையும் வங்கித் தவணையும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தால் வேறென்ன செய்வது? முதலில் ஒரே ஓர் அறையை முழுதாக முடித்து அதில் தங்குங்கள். அங்கே சிமென்ட் மூட்டைக்கு இடமில்லை என்று கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வாசலில் ஈரமான பழைய புடவையைத் தொங்கவிட்டால் தூசி ஓரளவு அடங்கும்.

இரண்டு கழிப்பறைகள் இருந்தால், இரண்டையும் ஒன்றாக உடைக்க விடாதீர்கள்.

அதிகம் கவனிக்க வேண்டியது பழைய பெயின்ட். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த கதவு, ஜன்னல் கம்பிகளில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடியே உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் வீடெங்கும் படியும். தவழும் குழந்தையின் கை வழியே வாய்க்குப் போகும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். கர்ப்பிணியும் குழந்தைகளும் அந்தச் சில நாட்கள் பாட்டி வீட்டில் இருக்கட்டும். ‘ஒன்றும் ஆகாது சார்’ என்ற பேச்சுக்கு மட்டும் மசியாதீர்கள்.

டைல்ஸ் வெட்டும் மெஷினைச் செருகிய எக்ஸ்டென்ஷன் பலகையிலேயே இண்டக்ஷன் அடுப்பையும் செருக வேண்டாம். பூச்சுக்குத் தண்ணீர் பிடித்து வைத்த டிரம்மை மூடி வையுங்கள். திறந்து கிடந்தால் ஒரு வாரத்துக்குள் டெங்கு கொசு அதில் பெருகிவிடும்.