வண்டிக் கடனும் வட்டிக் கணக்கும்

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் எடுத்த என் மகன், வேலைக்குச் சேர்ந்ததும் வண்டிக் கடன் வாங்கினான். காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறான். இத்தனை வருடப் படிப்பு எதற்கு?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பள்ளி சொல்லித்தரவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பிலேயே கூட்டு வட்டி வந்துவிடுகிறது. சூத்திரம் உங்கள் மகனுக்கும் தெரியும். ஷோரூமில் பேசும் கணக்குதான் வேறு.

60,000 ரூபாய் கடன், 10 சதவீத ‘ஃப்ளாட்’ வட்டி, 2 வருடம் என்று வையுங்கள். வட்டி 12,000, மாதத் தவணை 3,000. அசல் மாதாமாதம் குறைகிறது. வட்டியோ கடைசிவரை முழு 60,000-க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் வருட வட்டி ஏறக்குறைய 18 சதவீதம்! இதைக் கரும்பலகையில் போட்டுக்காட்ட ஒரு பீரியட் போதும். பத்தாம் வகுப்பிலாவது ஒரு கடன் பத்திரத்தையும், பி.எஃப். பிடித்தம் உள்ள ஒரு சம்பளச் சீட்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படிக்க வைக்க வேண்டும். தேர்வில் கேட்காததால் யாரும் செய்வதில்லை என்பது என் ஆதங்கம்.

2024 அக்டோபர் முதல், இத்தகைய கடன்களுக்கு உண்மையான வருட வட்டியைக் காட்டும் விவரத்தாளை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மகனை அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்.