கரப்பான் எங்கே குடியிருக்கிறது?

கரப்பானைப் பார்த்ததும் ஸ்ப்ரே டப்பாவைத் தேடாதீர்கள். அது எங்கே தங்குகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதற்குக் கடையில் கிடைக்கும் பசை அட்டை போதும்.

கரப்பான் பெரும்பாலும் சுவரோரமாகத்தான் ஓடும். அதனால் அட்டையை இரவில் சுவரை ஒட்டி வையுங்கள்: சிங்க்குக்கு அடியில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால், சிலிண்டர் மூலையில். ஒவ்வொன்றிலும் இடத்தையும் தேதியையும் எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள்.

எத்தனை என்பதைவிட எது ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். டார்ச் அடித்துப் பாருங்கள். தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள், நீளம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் என்றால் அது ஜெர்மன் கரப்பான். அதன் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். சிறகு முளைக்காத குஞ்சுகள் நிறைய ஒட்டியிருந்தால் பதுங்குமிடம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள இடுக்குகளில் மட்டும் ஜெல் மருந்து வையுங்கள். பெரிய செம்பழுப்புக் கரப்பான் ஒன்றிரண்டுதான் என்றால் சாக்கடைக் குழாய் வழியாக வந்திருக்கலாம். அந்தக் குழாயின் ஜாலி மூடியைக் கவனியுங்கள்.

மாவோ தூசியோ படிந்த அட்டை வேலைக்கு ஆகாது, மாற்றிவிடுங்கள். அட்டையின் அருகே ஸ்ப்ரே அடித்தால் பூச்சி ஒதுங்கிவிடும், கணக்கு தப்பும்.

எங்கள் வீட்டில் ஒருமுறை பல்லிக்குட்டி ஒட்டிக்கொண்டது. பாவம், வாலை மட்டும் ஆட்டியது. பிடித்து இழுத்தால் தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பஞ்சால் மெல்லத் தள்ளியதும் விடுபட்டது. பல்லி இறங்கும் சுவரோரம் இப்போது அட்டை வைப்பதில்லை.